நாலாவது ஆளுக்கு இடம்

மின்சார ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்வதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, தெரியாது. தாம்பரத்தில் ஏறி வேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் அது பழக்கம். வந்து நிற்பவள், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பாள். உட்கார்ந்திருக்கும் மூவரும் முகத்தைச் சுளித்தபடியே நெருங்குவார்கள். நாலாவது ஆளின் பாதி உடம்புக்குத்தான் பலகை கிடைக்கும். மீதிப் பாதி நடைவழியில் அந்தரத்தில் நிற்கும். ஒரு காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, இறங்கும் இடம் வரை அப்படியே போக வேண்டியதுதான்.

எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கிண்டியில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. நாள் பூரா நின்றுகொண்டே செய்கிற வேலை. இருந்தாலும் ரயிலில் முகம் தெரியாதவரிடம் தள்ளிக்கங்க என்று கேட்க அப்படியொரு கூச்சம். எனக்குப் பின்னால் ஏறியவள் கேட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்பது போல நிற்பேன்.

என்னை முதன்முதலில் உட்கார வைத்தது அக்காதான். ஒரு நாள் காலை, நடைவழி ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், யாரும் கேட்காமலே இடப்பக்கம் நெருங்கி, வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, "இன்னும் ஒருத்தர் உட்காரலாம்" என்றார். கணீரென்ற குரல். அவருடைய கண் என் முகத்தில் இல்லை. என் தோளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. வேறு யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் பெட்டியின் தகரச் சுவர்தான் இருந்தது. அதனால் நான் உட்கார்ந்தேன்.

பெயர் வேண்டாம். இப்போது இல்லாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. ரயிலில் எல்லாருக்கும் அவர் டெலிபோன் அக்கா. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் காலத்து வேலை போய், வேறு மேசைக்கு மாற்றின பிறகும் பேச்சு மாறவில்லை. சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவில் விரலைத் தூக்கி, "லைன்ல இருங்க" என்பார். இருவரும் சிரித்துவிடுவார்கள்.

ஜன்னலோரத்துக்காரி ஒருத்தி ஒருமுறை கோபப்பட்டாள். "ஏங்க, இது மூணு பேர் சீட்டுங்க. நீங்க பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டுட்டே இருக்கீங்க?"

"மூணு பேருன்னு கணக்கு போட்டவன் இந்த ரயில்ல ஒரு நாளாச்சும் வந்திருக்கானாம்மா?" என்றார் அக்கா.

கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா விட்டுவிடுவாளா? "இந்தம்மா குந்திச்சின்னா ரயிலே ரெண்டு முழம் நீண்டுக்கும். நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? சும்மா ஜன்னல பாத்துகினு வா."

பிறகுதான் தெரிந்தது, அக்காவுக்கும் வீடு பெருங்களத்தூர் பக்கம் எங்கள் பீர்க்கன்கரணையில்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் வேலையை விட்டேன், அவர் ஓய்வு பெற்றார், ரயில் பயணம் நின்றது. ஏரிக்கரையில் காலை நடை வந்தது. அவர் கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் கேளம்பாக்கத்தில், கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் அக்கா மட்டும். அதனால் எனக்கு அவர், அவருக்கு நான் என்றாகிவிட்டது.

இடம் விடுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. கல்யாணப் பந்தியில் இலையோடு நகர்ந்து உட்காருவார். கோயில் வரிசையில் தனக்கு வலப்பக்கம் ஒரு முழம் விட்டு நிற்பார். அங்கே எவனாவது புகுந்துகொண்டால் கோபப்பட மாட்டார். மறுபடி ஒரு முழம் விடுவார். என் பேத்தியின் காதுகுத்தில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. போட்டோக்காரர், "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்திக் கத்தி எடுத்தது. எல்லாரும் தோளோடு தோள் உரசி நிற்கிறோம். அக்காவுக்கு வலப்பக்கம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரிகிறது. யாரோ படத்திலிருந்து எழுந்து போன மாதிரி இருக்கும். அப்போது அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். டெலிபோன் அக்காவின் நாலாவது சீட் என்றோம்.

வேறு ஒருவருக்கு இப்படி ஆகியிருந்தால் யாராவது சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள். அக்காவின் விஷயத்தில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் அப்படித்தானே என்று இருந்துவிட்டோம்.

காபி கலந்தால் மூன்று டம்ளர் வைப்பார். யாராவது வருவார்கள்போல என்று நினைத்துக்கொள்வேன். யாரும் வராமல் மூன்றாவது டம்ளரில் ஆடை படியும். வெளியே போய் வந்தால் கேட்டைத் திறந்து முதலில் நான் போவேன், பிறகு அவர். அதற்கப்புறமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, யாரோ கடைசியாக உள்ளே வரக் காத்திருப்பது போல ஒரு மூச்சு நேரம் நிற்பார். அப்புறம்தான் தாழ்ப்பாள் போடுவார். எதிர்வீட்டு நாய் அந்த நேரத்தில் குரைக்காதா என்று பார்ப்பேன். அது தூங்கிக்கொண்டிருக்கும்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தபோது, "பெருங்களத்தூர், மூணு பேர்" என்றார்.

ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா ஆயா, ரெண்டு பேருதான கீறீங்க?"

அக்கா தன் வலப்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, ரெண்டு பேருதான்" என்றார். ஆனால் அந்தக் குரல், தெரியாமல் வேறு நம்பரைச் சுழற்றிவிட்டவர் குரல் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஏரிக்கரை சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் போல நான் இடப்பக்கம், அவர் நடுவில், வலப்பக்கம் காலி. நடைப் பயிற்சிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"என் பின்னால ஒருத்தி நிக்கிறாடி. இந்தப் பக்கம். கையெட்டுற தூரம்தான். திரும்பினா இருக்க மாட்டா. திரும்பாம இருந்தா இருப்பா. நான் உக்காந்தா உக்காருவா. நான் கையைக் கட்டினா அவளும் கட்டிக்குவா. பார்க்காமலே தெரியுது எனக்கு."

நான் அவருக்கு வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன். "பேசுவாங்களா?"

"பேசமாட்டா. லைன் எடுத்துட்டுப் பேசாம இருப்பாங்களே சில பேர். மூச்சு மட்டும் கேக்கும். அந்த மாதிரி."

"பயமா இல்லையாக்கா?"

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு. நின்னுட்டே இருக்காளே, எடம் விடுவோம்னு."

நான் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன். மறுநாள் விபூதி கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்திலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து, தன் வலப்பக்கம் காற்றில் நீட்டினார். விபூதி புடவையில் உதிர்ந்தது.

அதற்கப்புறம் வார்த்தைகள் போக ஆரம்பித்தன. குரலால் சம்பாதித்த மனுஷி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது... தண்ணி குடிக்கிறது... லைன்ல இரு" என்று விரலைத் தூக்குவார். வார்த்தை வரும் வரை விரல் கீழே இறங்காது. சில நேரம் வராமலே விரல் இறங்கும். ஒரு காலை நடையில் அவருடைய வலது கை தானாகவே வெட்டி வெட்டி இழுத்தது. வாய் கோணியது. நான் கத்தினேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. நடக்க வந்தவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவர் மகனுக்குச் சொல்லி, நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மகன் என்னையும் டாக்டரிடம் அழைத்துப்போனார். "அம்மாகூட தினமும் இருக்கிறது நீங்கதான் ஆன்ட்டி. டாக்டர் கேட்பார். நீங்க சொல்லணும்" என்றார்.

டாக்டருக்குச் சின்ன வயதுதான். அக்காவின் தலைக்குள் எடுத்த படம் திரையில் இருந்தது. இடது காதுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாக, பால் சிந்தினது போல ஒரு வெள்ளை. அது கட்டி. அதைச் சுற்றிக் கலர் கலராக நூல்கள் ஓடின. பேச்சு எந்த வழியாகப் போகிறது, கைகால் அசைவு எந்த வழியாகப் போகிறது என்று இப்போது திறக்காமலே பார்த்துவிட முடிகிறதாம். என் நாத்தனார் தலைவலி தலைவலி என்று தைலம் தேய்த்துத் தேய்த்தே போய்ச் சேர்ந்தாள். அவள் தலைக்குள் என்ன இருந்தது என்று கடைசி வரை ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த நினைப்போடு அந்த நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது தறியில் கட்டின பாவு மாதிரி அழகாக இருந்தது.

"நீங்கதானே கூடவே நடக்குறவங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "என்ன கவனிச்சீங்கம்மா?"

மகன் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். "வலது பக்கம் எடம் விடுவாங்க" என்றேன்.

டாக்டரின் பேனா நின்றது. "யாருக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒருத்தி இருக்கா டாக்டர்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் இடம் ஒன்று மூளையில் இருக்கிறதாம். கட்டி அங்கே உரசுகிறது. அதனால் தன் உடம்பையே இன்னொரு ஆளாக உணர்கிறார் என்றார். "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"ரயில் காலத்துலேர்ந்தே இப்படித்தாங்க."

"மெதுவா வளர்ற ஜாதிதான். எப்போ ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது. ரொம்ப வருஷமாக்கூட இருந்திருக்கலாம். ஆனா இப்போ வேகம் எடுத்திருக்கு. எடுக்கலன்னா அம்மாவோட பேச்சு முதல்ல போகும். அப்புறம் அம்மாவே."

எப்படி எடுப்பது என்றும் சொன்னார். முதலில் தூங்க வைத்து, எலும்பைத் திறந்ததும் எழுப்பிவிடுவார்களாம். மூளையைத் தொட்டால் வலி தெரியாதாம். அக்கா பேசிக்கொண்டே இருக்க வேண்டும். லேசாக மின்சாரம் பாய்கிற ஒரு கம்பியை மூளையில் அங்கங்கே வைத்துப் பார்ப்பார்களாம். பேச்சு எங்கே தடுமாறுகிறதோ அங்கே கத்தி போகாது. கத்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று, காரில் வழி காட்டுவது போலத் திரை காட்டிக்கொண்டே இருக்குமாம். குடிக்க ஒரு மருந்து உண்டு. குடித்தால் நீல வெளிச்சத்தில் கட்டி மட்டும் ரோஸ் நிறத்தில் மின்னுமாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மகனுக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் பெஞ்சில் என்னிடம் கேட்டார். "எடுத்துட்டா அவ எங்கடி போவா?"

"அக்கா, அது கட்டிக்கா."

"கட்டின்னு தெரியுது. படமே காட்டிட்டாரே. ஆனா நிக்கிறாளே. அவளுக்குக் கால் வலிக்காதா?"

கேட்டவர் பைத்தியமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம். அக்காவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, என் வாயிலிருந்துதான் வருகிறதா என்று தெரியாமல் சொன்னேன். "நீங்க போயிட்டா நான் யார் பக்கத்துலக்கா உக்கார்றது?"

என் ஆயுசில் நான் ஒருத்தரிடம் கேட்டது அதுதான். அக்கா தன் வலப்பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார். "லைன்ல இரு" என்றார். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, "தேதி வாங்கிடுடா" என்றார்.

ஆபரேஷன் அன்று காலை போயிருந்தேன். அந்த மருந்தைக் குடித்திருந்ததால் உடம்பில் வெளிச்சம் படக் கூடாது என்று திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில் அந்த அறை மட்டும் கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது. மகன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தார். பாதிக் கட்டில் காலி. காலியாக இருந்த பக்கம் போர்வையைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தார்.

"விழுந்துடப் போறீங்கம்மா, நடுவுல படுங்க" என்றார் மகன்.

"இன்னிக்கு ஒரு நாள்தானேடா" என்றார் அக்கா.

உள்ளே நடந்ததை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். பல தடவை சொன்னார். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

"கண்ணு முழிச்சா பச்சைத் துணிக் கூடாரம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலையைப் பூட்டுப் போட்ட மாதிரி இறுக்கி வெச்சிருக்காங்க. ஒரு பொண்ணு என் முகத்துக்கிட்ட உக்காந்து படம் படமா காட்டறா. குடை, சீப்பு, யானை. நான் சொல்லிட்டே வரேன். குடைன்னு சொல்லப் போறேன், வாய் தொறக்குது, குடை வரல. குடை தெரியுதுடி, மழைக்குப் பிடிக்கிறதுன்னு தெரியுது. பேரு மட்டும் காணோம். லைன் கட். டாக்டர் பின்னாலேருந்து, 'சரிம்மா, இங்க வேணாம்'ங்கறார். உடனே குடை வந்துடுச்சு. அவர் அந்தக் கம்பியைத் தூக்கினா லைன் வருது, வெச்சா போவுது. நான் ஆபீஸ்ல ஒக்காந்து எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணியிருப்பேன்!"

"அப்புறம்?"

"அப்புறம் கம்பியை இன்னொரு எடத்துல வெச்சார். வந்துட்டா."

இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிடும்.

"நல்லா வந்தாடி. அதுக்கு முன்னால அவ்ளோ கிட்ட வந்ததே இல்ல. என் முதுகோட முதுகு ஒட்டிப் படுத்துட்டிருக்கா. 'வந்துட்டா'ன்னேன். 'யாரும்மா?'ன்னார் டாக்டர். 'என் பின்னால இருக்கா'ன்னேன். அந்தப் பொண்ணு, படம் காட்டறவ, எனக்குப் பின்னால எட்டிப் பார்த்தா பாரு! அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டா. கையைத் தூக்கினார், போயிட்டா. வெச்சார், வந்துட்டா. நம்பர் போட்டுக் கூப்பிடற மாதிரி அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்பறாங்க. எனக்கு அவளை நெனச்சாத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கட்டில் எவ்ளோ அகலம்ங்கிறே? ஒரு பலகை. அவ விளிம்புல தொங்கிட்டிருக்கா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா?"

தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள்வேன்.

"இடுப்பை நகத்தினேன். கொஞ்சம் தள்ளிப் படுத்து எடம் விடலாம்னு. தலை பூட்டி இருக்கு, உடம்பு மட்டும் நகருது. 'அசையாதீங்கம்மா! அசையாதீங்க!'ன்னு நாலா பக்கமும் கத்தறாங்க. ஒருத்தர் என் காலை அமுக்கிப் பிடிக்கறார். டாக்டர் கருவியை எடுத்துட்டார். 'ஏம்மா நகர்ந்தீங்க?'ன்னார். நான் சொன்னேன், 'இன்னும் ஒருத்தர் உட்காரலாம் டாக்டர்'னு."

அந்த இடத்திலிருந்துதான் கடைசியாக எடுத்தார்களாம். எடுக்க எடுக்க, முதுகில் ஒட்டியிருந்த சூடு ஆறிக்கொண்டே வந்தது என்றார். ஒரு நேரத்தில் முதுகில் வெறும் துணிதான் இருந்தது.

பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சு ஓடுகிற வழியில் ஒட்டியிருந்ததால் ஓர் ஓரத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார் டாக்டர். கதிர்வீச்சு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சில மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்தார்கள். அக்கா அந்த ஓரத்தை வைத்துக் கிண்டல் பண்ணுவார். "என் தலைக்குள்ளேயே நாலாவது சீட்டு குடுத்துட்டு வந்திருக்கார் பாரு அந்தப் புள்ள."

முடி வளர்ந்தது. நடைக்கு வந்தார். காபி இரண்டே டம்ளர். கேட்டை நாங்கள் நுழைந்த கையோடு சாத்தினார். இதெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். நான் முன்னால் நின்றேன். அவர் நகரவில்லை. "உக்காரேன்டி" என்றார். ஆனால் நகரவில்லை. தள்ளிக்கங்க என்று கேட்க இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. நின்றேன். ஷேர் ஆட்டோவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்களேன்" என்றாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். கேட்டது புரியாதவர் மாதிரி பார்த்தார். வழி முழுக்க அந்தப் பெண் குனிந்தபடியே வந்தாள். பூக்காரம்மா சொன்னாளே, ரயிலே ரெண்டு முழம் நீண்டுக்கும் என்று, அந்த அக்காவா இது?

பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு நாள் எனக்கு அது தோன்றியது. தோன்றின பிறகு போகவே இல்லை. ரொம்ப வருஷமாக்கூட இருந்திருக்கலாம் என்றாரே டாக்டர். முதல் நாள் ரயிலில் அக்கா தள்ளி உட்கார்ந்தது யாருக்காக? என் தோளுக்குப் பின்னால் பார்த்தாரே. எனக்காக என்று நான் உட்கார்ந்தேனே. இத்தனை வருஷமும் வேறு ஒருத்தியின் இடத்தில்தான் உட்கார்ந்து வந்தேனா?

அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வேறு விதமாக மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் இடம் விடவில்லை என்றால் அவருடைய தலைக்குள் அந்த ஓரம் அப்படியே அடங்கி இருக்கிறது என்று அர்த்தம். ஆக, நான் நிற்கிற ஒவ்வொரு காலையும் நல்ல காலைதான். சூரியன் ஏறும் வரை கால் வலிக்க வலிக்க நிற்பேன். அந்த வலி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலம் வந்தது. ஏரி நிரம்பி, நடைபாதை ஓரம் வரை தண்ணீர் தளும்பிய ஒரு காலை. அக்கா பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் நின்று பேத்தியின் படிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே, பாதிப் பேச்சில், சேலையைச் சேர்த்துப் பிடித்து, இடப்பக்கம் நகர்ந்தார்.

வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்குப் பெஞ்சு தெரிந்தது.

"இன்னும் ஒருத்தர் உட்காரலாம்" என்றார். அதே கணீர்க் குரல். கண் என் தோளுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

அன்று மதியமே அவர் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நானாக ஒருவருக்குப் போன் போட்டது அதுவே முதல் தடவை. மறுபடி படம் எடுத்தார்கள். நான் சொன்னதைத்தான் படமும் சொன்னது: அந்த ஓரம் வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் பட்ட பாடும், மகன் பட்ட பாடும், அக்கா பேச்சு இழந்ததும், போனதும் நான் எழுதத் தேவையில்லை. எல்லாரும் முடிந்ததைச் செய்தார்கள்.

என்னிடம் நிற்பது அந்தக் காலைப் பொழுதுதான். அவர் விட்ட இடம் என் முன்னால் காலியாக இருந்தது. யாருக்கென்று எனக்குத் தெரியும். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். யாரையும் கேட்காமல், யாரும் சொல்லாமல் நான் உட்கார்ந்தது ஆயுசில் அங்கேதான். ஒரு விரல் நுழையாதபடி அகலமாக உட்கார்ந்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். பிறகு என்னைத் தாண்டி, எனக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பெஞ்சு அங்கே முடிந்துவிட்டது. பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி உடம்பு அந்தரத்திலுமாக, ஒரு காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தள்ளிக்கோடி" என்றார். "அவ நிக்கிறா பாரு."

நான் நகரவில்லை.